பூஜ்யம் கொடுத்தால் நிற்காது

எங்கள் அண்ணிக்கு முன்னால் அந்தப் பக்கத்தை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு வாளி அழுக்குத் தண்ணீர் அவன் தலைக்கு உண்டு. அவன் எழுதி வைத்திருந்தது இதுதான்: "அனுப்பு: அனுப்பும். நிறுத்து: நிறுத்தும். நேர வரம்பு: நேரத்துக்கான வரம்பு." இதை எழுத ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், நடுவில் டீ குடிக்கவும் எழுந்து போயிருக்கிறான்.

"குடை எதுக்குன்னு கேட்டா குடைக்குன்னு சொல்றான்டி இவன்" என்று அண்ணி முதல் நாளே மூக்கைத் தூக்கினார். அண்ணிக்கு ஏதாவது குமட்டினால் மூக்கின் வலது பக்கம் மட்டும் மேலே போகும். எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை அதுதான்.

அண்ணிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அம்மா "கம்ப்யூட்டர்ல எழுதறா" என்பாள். கீழ்வீட்டு அக்கா "கதையா?" என்று ஆசையாகக் கேட்டார். கதையென்றால் இஷ்டத்துக்குப் பொய் சொல்லலாம். அண்ணியின் வேலையில் அதற்கு வழியில்லை, எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பம்.

பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சுமுகமாகப் பிரிந்துவிட்டோம், அதனால் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதி வைத்ததை எடுத்துச் சொருகிக்கொள்வார்கள். அப்படி எழுதி வைத்த சரக்குக்கு லைப்ரரி என்று பெயர், உள்ளே புத்தகம் ஒன்றும் கிடையாது. அதற்குள் அறை அறையாக மாட்யூல்கள். அண்ணியிடம் கொடுத்திருந்த மாட்யூலின் வேலை, செல்போன்களுக்குச் செய்தி அனுப்புவது. "உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது" என்று வருமே, அந்த மாதிரி. அந்த மாட்யூலுக்கு விளக்கப் பக்கம் எழுதுவது அண்ணியின் பொறுப்பு. எந்தக் கட்டளை என்ன செய்யும், அதற்கு எதைக் கொடுக்கவேண்டும், என்ன திரும்பி வரும், எப்போது முகத்தில் அறையும், எல்லாம் அதில் இருக்கவேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவன் அதைப் படித்து, நம்பி, தன் நிரலில் ஒரு வரி எழுதுவான். நம்பினவன் கெடக்கூடாது, அவ்வளவுதான் அந்த வேலை.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். இரும்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் அண்ணியின் ஆபீஸ். அங்கே ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி. அண்ணி உட்கார்ந்துவிட்டால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், காலையில் சட்டை எடுக்க மறந்தால் பனியனோடு நிற்கவேண்டியதுதான்.

"ஏங்க, ஒம்பதுக்கு மீட்டிங். வேணுங்கறதை இப்பவே எடுத்துக்குங்க. அப்புறம் பின்னாடி நின்னு பனியனோட டான்ஸ் ஆடாதீங்க, கேமரால தெரியுது."

வாரத்தில் இரண்டு நாள் அண்ணி நிஜ ஆபீசுக்குப் போய் வருவார். வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

"பஸ் கம்பியா அண்ணி?"

"இல்லடி. கோடு படிச்சேன்."

அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துவிட்டுக் கை கழுவுகிற வேறு ஆள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வரிகளுக்கு நடுவே எழுதியவர்கள் தங்களுக்குத் தாங்களே குறிப்பு வைத்துக்கொள்வார்களாம். "இதைத் தொடாதே, இது ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது" என்று ஒருவன். "அசிங்கமாக இருக்கிறது, நாளைக்குச் சரிசெய்ய வேண்டும்" என்று ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியோடு இன்னொருவன். சாப்பிடும்போது அண்ணி இதையெல்லாம் சொல்வார், எங்களுக்கு வாய் அசையாது.

"எச்சில் தட்டைக் கழுவாம அதுலயே அடுத்தவனுக்குப் பரிமாறறானுங்க."

"சாப்பிடும்போது சொல்லாதேம்மா" என்பாள் அம்மா.

"சாப்பிடும்போதுதான் அத்தை ஞாபகம் வருது."

அண்ணி யார் சொன்னதையும் நம்பி எழுத மாட்டார். அந்த மாட்யூலை எழுதுகிற பையனுக்கு நான் தாடி என்று பெயர் வைத்திருந்தேன். வீடியோ மீட்டிங்கில் அவனுக்குத் தாடியில் மட்டும் வெளிச்சம் விழும், மீதி முகம் இருட்டில் இருக்கும். அந்தத் தாடியே வந்து சத்தியம் செய்தாலும் அண்ணி ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் நாலு வகைத் தீனி போடுவார்: காலி, பூஜ்யம், கழித்தல் எண், வாய்கொள்ளாத பெரிய எண்.

"புத்திசாலி குடுத்தா எல்லாமே ஒழுங்காத்தான் ஓடும். உன்னை மாதிரி ஒருத்தி கையில கிடைச்சா என்ன ஆகும்னு பாக்கணும். உன்னை மனசுல வெச்சுத்தான்டி எல்லாத்தையும் சோதிக்கறேன்."

இதுவரை என்னைப் பற்றி யாரும் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இது.

அண்ணி சேர்ந்த புதிதில் அந்தப் பக்கங்களில் இருந்த உதாரணங்கள் எல்லாம் செத்துக் கிடந்தனவாம். பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்து ஓட்டினால் ஓடாது. அண்ணி தாடியை நச்சரித்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மாட்யூலின் புதுப் பதிப்பை வெளியே விடுகிற ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், பக்கத்தில் இருக்கும் உதாரணங்களை எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் தானாக எடுத்து ஓட்டிப் பார்க்கும். உதாரணத்துக்குக் கீழே அண்ணி எழுதியிருக்கும் விடையும் நிஜமாக வரும் விடையும் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும் சிவப்பு விளக்கு, வெளியீடு நின்றுவிடும். நான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தேன். சமையலறையிலிருந்து, "யாரை மாமியார்ங்கறீங்க ரெண்டு பேரும்?" என்று குரல் வந்தது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் டீ கிடைக்கவில்லை.

இன்னொன்றும் அண்ணியே கேட்டு வாங்கியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் "ஓட்டிப் பார்த்து எழுதியவர்" என்று போட்டு, பக்கத்தில் அண்ணியின் பெயர் இருக்கும். தப்பு இருந்தால் யாரைத் திட்டுவது என்று படிக்கிறவனுக்குத் தெரியவேண்டுமாம். திட்டு வாங்குவதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆளை என்ன செய்வது?

இத்தனைக்கும் அண்ணி அங்கே ஒப்பந்த ஊழியர். மூன்று தடவை ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். இந்த வெளியீடு நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். கடிதம் தயாராக இருக்கிறது, அவர் கையெழுத்துதான் பாக்கி. அம்மா அந்தக் கையெழுத்தை விழச் செய்து, கட்டிடம் முழுக்கச் சொல்லி, வாழ்த்தும் வாங்கி முடித்துவிட்டாள்.

வெளியீடு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். அங்கேதான் எனக்கு வேலை. அண்ணி குளியலறையில் இருந்தார். மவுசின் அடியில் வெளிச்சம் வருகிற கண்ணில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் அம்பு நகராது, ஆளும் அரைமணி நேரம் பைத்தியமாக அலைவார். அந்த நல்ல எண்ணத்தோடு மேசைக்குப் போனேன். திரையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி! உங்க கம்ப்யூட்டர் எதையோ எண்ணிக்கிட்டிருக்கு!"

உள்ளேயிருந்து, "எத்தனைல இருக்கு?"

"முப்பத்தெட்டாயிரத்து நானூறு... இல்ல, ஐநூறு... ஏறிக்கிட்டே இருக்கே!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அது ஒண்ணுல நிக்கணும்டி" என்றார் அண்ணி.

காதுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு வந்து நின்றார். மூக்கு அதுவரை நான் பார்க்காத உயரத்துக்குப் போயிருந்தது.

விஷயம் இதுதான். அனுப்பிய செய்திக்கு "வந்து சேர்ந்தது" என்று பதில் வராவிட்டால் அந்த மாட்யூல் திரும்ப அனுப்பும். எத்தனை தடவை திரும்ப அனுப்புவது என்று நாம் ஓர் எண் கொடுக்கலாம். மூன்று கொடுத்தால் மூன்று தடவை. பூஜ்யம் கொடுத்தால் முதல் தடவையோடு சரி, திரும்ப அனுப்பாது. பழைய பக்கம் அப்படித்தான் சொன்னது. அண்ணி தன் கம்ப்யூட்டரிலேயே ஓர் ஊமை சர்வரை உட்கார வைத்திருந்தார். அது செய்தியை வாங்கிக்கொள்ளும், பதில் மட்டும் சொல்லாது. அதற்குப் பூஜ்யம் கொடுத்து ஓட்டிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

"ஏன் நிக்கல?" என்று கேட்டேன்.

"திரும்ப அனுப்பிட்டு ஒண்ணுன்னு எண்ணுது. எண்ணிட்டு, சொன்ன கணக்கு வந்துடுச்சான்னு பாக்குது. நாம சொன்னது ஜீரோ. அது ஒண்ணைத் தாண்டிப் போயிடுச்சு. இனிமே எங்க ஜீரோ வரும்?"

பஸ் கிளம்பிய பிறகு, கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிடச் சொன்ன மாதிரி. கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்ப்பார், இது அந்த இடம் இல்லையே என்று விசில் கொடுப்பார். உலகம் முடியும் வரை பயணம்.

அண்ணி தாடியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார், நான் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன்.

"ஜீரோ குடுத்தா நிக்கலடா."

"ஆமாக்கா, தெரியும்."

"தெரியுமா! எப்பருந்து?"

"எட்டு மாசமா. புகார் பதிவு பண்ணி வெச்சிருக்கேன்க்கா. சார்தான் அடுத்ததுல பாத்துக்கலாம்னு தள்ளித் தள்ளி விடறாரு. யாருக்கா ஜீரோ குடுக்கப்போறாங்க?"

"குடுங்கன்னு நம்ம பக்கத்துலயே எழுதியிருக்கேடா!"

"பக்கத்தை எல்லாம் யாருக்கா படிக்கறாங்க?"

அண்ணி போனை வைத்தார். பக்கம் எழுதுகிறவரிடமே அதைக் கேட்க ஒரு தனி தைரியம் வேண்டும். அந்தத் தாடிக்குள் ஏதாவது பறவை கூடு கட்ட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் அண்ணி எழுதிவிட்டார்: "எச்சரிக்கை. பூஜ்யம் கொடுத்தால் நிற்காது. பதில் வரும் வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். பூஜ்யம் கொடுக்க வேண்டாம்." எனக்குக்கூடப் புரிந்தது.

மறுநாள் காலையில் மேலாளர் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சரிசரி. எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார், எதுவும் சரியாகாது.

"என்னம்மா இது? கரண்டுக் கம்பத்துல மண்டை ஓடு மாட்டின மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க?"

"நிக்காம ஓடுது சார்."

"சரி சரி. வெள்ளிக்கிழமை பெரிய கஸ்டமர் இந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கப்போறாங்க. நாப்பது ரத்தப் பரிசோதனைக் கூடம் வெச்சிருக்காங்க. முதல் பக்கத்துலயே எச்சரிக்கைன்னு இருந்தா ஓடிப்போயிடுவாங்க. பழைய வரியையே வைங்க. ஜீரோ குடுத்தா ஒரு தடவைதான் போகும்."

"ஒரு தடவைதான் போகலியே சார். 'உங்க ரிப்போர்ட் வந்துடுச்சு, உடனே டாக்டரைப் பாருங்க'ன்னு ஒரு நோயாளிக்கு நாப்பதாயிரம் தடவை போனா அந்த ஆள் என்ன ஆவாரு?"

"அப்படியெல்லாம் பயங்கரமா யோசிக்காதீங்க. விளக்கப் பக்கம்னா பொருள் எப்படி இருக்கணுமோ அதைச் சொல்லணும்."

"எப்படி இருக்கோ அதைச் சொல்லணும் சார்."

"சரி சரி. அடுத்த மாசம் சரிபண்ணிடுவோம்ல? உண்மையை ஒரு மாசம் முன்கூட்டியே எழுதிட்டோம்னு வெச்சுக்குங்களேன்."

தரையில் உட்கார்ந்திருந்த எனக்கே நாக்கில் துரு ஏறிய மாதிரி இருந்தது. நானும் வாழ்க்கையில் எத்தனையோ சாக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுப்பாட நோட்டை நாய் தின்றுவிட்டது என்று நாயே இல்லாத வீட்டிலிருந்து சொன்னவள். ஆனால் பொய்க்கு இப்படி இஸ்திரி போடத் தெரிந்ததில்லை.

வைக்கும் முன் சரிசரி இன்னொன்றும் சொன்னார்: "உங்க லெட்டர் வேற என் மேசைல இருக்கு. இது நல்லபடியா முடிஞ்சா திங்கக்கிழமை கையெழுத்து."

அன்று சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள்.

"ஒரு வரிதானேம்மா? ஒரு மாசம்தானே? மூணு வருஷமா இதுக்குத்தானே கண்ணைக் கெடுத்துக்கிட்டே?"

"அடியில என் பேர் இருக்கு அத்தை. ஓட்டிப் பார்த்து எழுதியவர்னு."

"பேரை யாரு படிக்கறா?"

"தாடியும் அதையேதான் கேட்டான்" என்றேன் நான். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவைத் தாடியோடு சேர்த்தது கொஞ்சம் அதிகம்தான்.

அண்ணி அண்ணனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு லிஃப்ட் பத்தி மட்டும்தான் தெரியும்" என்றான். பிறகு, "அந்த லேபுக்கு எந்த மாதிரி ஆளுங்க போவாங்க?" என்று கேட்டான்.

"நம்மளை மாதிரிதான். வயித்துல கட்டி இருக்கான்னு பாக்கப் போறவங்க."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவ எழுந்தான். அம்மா பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி எழுதிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். எச்சரிக்கை போய்விட்டது. அந்த இடத்தில் சரிசரி சொன்ன வரி, எழுத்துக்கு எழுத்து அப்படியே: "பூஜ்யம் கொடுத்தால் செய்தி ஒரே ஒரு தடவை மட்டுமே அனுப்பப்படும்." அண்ணியின் மூக்கு இருந்த இடத்திலேயே இருந்ததுதான் ரொம்பப் பயமாக இருந்தது. பழகிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நிரந்தர ஊழியர்களுக்கு மூக்கு இப்படித்தான் இருக்கும் போல.

பிறகு அண்ணி அந்த வரிக்குக் கீழே ஓர் உதாரணம் சேர்த்தார். ஊமை சர்வருக்குப் பூஜ்யம் கொடுத்து ஒரு செய்தி அனுப்பு. அனுப்பிய செய்திகள் எத்தனை? விடை: 1.

"அண்ணி, உதாரணம் போட்டா மாமியார் எடுத்து ஓட்டிப் பாக்குமே?"

"பாக்கட்டுமே."

"விடை ஒண்ணு வராதே?"

"சார் வரும்ங்கறாரு. சாரை நான் சந்தேகப்படலாமா?"

மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதினார்: "நீங்கள் சொன்ன வரியை அப்படியே எழுதிவிட்டேன். அதை நிரூபிக்க ஓர் உதாரணமும் சேர்த்திருக்கிறேன். நாளை வெளியீட்டுக்கு முன் அது ஓடும். தயவுசெய்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்." இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சூப்பர்" என்று ஒரு வார்த்தை, ஒரு கட்டைவிரல். திறந்துகூடப் பார்க்கவில்லை.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் குறும்பு செய்கிறேன். உப்பு டப்பாவில் சர்க்கரை, அண்ணன் செருப்பில் ஈர சோப்பு, தலைமை ஆசிரியர் நாற்காலியில் கோந்து. எல்லாமே ஒளிந்துகொண்டு செய்தவை. என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பி, கட்டைவிரலும் வாங்கிக்கொண்டு செய்வது ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளியீட்டு ஓட்டம் ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடையில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். மாமியாருக்கு வழக்கமாகப் பதினோரு நிமிடம் ஆகும். சிவப்பு விளக்கு எரியும், எல்லோரும் வந்து பார்ப்பார்கள், அந்த வரியைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். அண்ணி போட்ட கணக்கு அது.

பதினோரு நிமிடம் ஆனது. அரைமணி ஆனது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

அண்ணி நகத்தைக் கடித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ. நேர வரம்பு வைக்கலடி."

உதாரணம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நிற்காத ஒன்றுக்கு விடை எப்படி வரும்? விடை வராமல் எதை ஒப்பிட்டுச் சிவப்பு போடுவது? போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவையும் "அனுப்பினேன்" என்று அது ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டே போனது. அண்ணி எட்டிப் பிடித்து நிறுத்துவதற்குள் அந்தப் பொதுக் கம்ப்யூட்டரில் இடமே நிறைந்துவிட்டது. ஆபீசில் எல்லாருடைய வேலையும் படுத்தது.

பன்னிரண்டு மணிக்கு மீட்டிங். திரையில் பதினோரு சதுரம், பதினோரு கடுகடுப்பு.

"யாரோட உதாரணம் இது?" என்றார் சரிசரி. அன்றைக்கு ஒரு சரிகூட வரவில்லை.

"என்னோடது சார். நேர வரம்பு வைக்காதது என் தப்பு, அதுக்கு மன்னிச்சிடுங்க. நீங்க சொன்ன வரிக்குத்தான் அந்த உதாரணம். நேத்திக்கு எழுதியிருந்தேன், சூப்பர்னு பதில் போட்டீங்க."

சதுரங்களில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

"முதல்ல அந்த உதாரணத்தை எடுங்க."

"எடுக்கறேன் சார். ஆனா வரி மட்டும் நின்னா, ஓட்டிப் பார்த்து எழுதியவர்னு என் பேர் அடியில இருக்கக்கூடாது. ஓட்டிப் பார்த்தேன், பொய்னு தெரியும். வேற யார் பேரையாவது போட்டுக்குங்க. உங்க பேரைப் போடட்டுமா சார்?"

"என் பேரா? இல்ல, எனக்கு அதுல... டெக்னிக்கலா..."

"வேற யாராவது?" என்று கேட்டார் அண்ணி.

பதினோரு பேருக்கும் திடீரென்று மேசையில் ஏதோ தேடவேண்டி வந்துவிட்டது. ஒருவன் கேமராவையே அணைத்தான். இத்தனை பேரும் படித்தவர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்கள். ஒரு பொய்க்கு அடியில் ஐந்தாறு எழுத்துப் பெயரை வைக்க ஆளில்லை, ஆனால் அந்தப் பொய் மட்டும் இருக்கலாமாம். எனக்கு உடம்பெல்லாம் பிசுபிசுவென்று வந்தது.

தாடி தொண்டையைக் கனைத்தான். "சார், ரெண்டு வரியை மேல கீழ இடம் மாத்தினாப் போதும் சார். எண்ணிக்கையைப் பாத்துட்டு அப்புறமா அனுப்பணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"இப்ப பேசிக்கிட்டிருக்கும்போதே மாத்திட்டேன் சார்."

எட்டு மாதம்! எட்டு மாதமாக அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே வந்தது, ஒரு மீட்டிங்கில் மூக்கைச் சொறிகிற நேரத்தில் முடிந்துபோனது. குப்பையைக் காலி செய்து மறுபடி ஓட்டினார்கள். பதினோரு நிமிடம். அண்ணியின் உதாரணம் ஓடியது, விடை ஒன்று என்று வந்தது. பச்சை.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சரிசரி.

மூக்கு ஏறியது. "செவ்வாய்க்கிழமை எழுத்துல சொன்னேன். புதன்கிழமை வாயால சொன்னேன். வியாழக்கிழமை கடிதத்துல சொன்னேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி மைக்கை அணைத்தார்.

திங்கட்கிழமை அண்ணி ஆபீசுக்குப் போய் வந்தார். அன்றைக்குக் கை கழுவவில்லை, நேராக வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னுட்டாரு. பொதுக் கம்ப்யூட்டரை முடக்கிட்டேனாம். கூட்டு மனப்பான்மை போதலியாம். ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிச்சிருக்காங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். கட்டிடம் முழுக்கச் சொன்னவள், இப்போது ஒவ்வொரு மாடியாகப் போய்த் திரும்ப வாங்கவேண்டும். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டு வரியை மாத்தினானே ஒருத்தன், அவனுக்கு ஏதாவது சொன்னாங்களா?"

"மாசத்தின் சிறந்த ஊழியர், அத்தை."

"தூ" என்றாள் அம்மா. வீட்டுக்குள் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு, "ஆறு மாசம்னா ஆறு மாசம். நீ சாப்பிடு" என்றாள். அண்ணிக்கு டீ போட்டாள், எனக்கும் கிடைத்தது.

ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் "இந்தப் பக்கம் உதவியதா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை முதல் ஆள் பொத்தானை அழுத்தினான். இல்லை. காரணம்: "நீளமாக இருக்கிறது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடியிருப்பேன். ஒரு பொய் வரியை வராமல் தடுக்க ஒரு மனுஷி வேலையைப் பணயம் வைத்திருக்கிறாள், இவனுக்கு நீளமாக இருக்கிறதாம். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். பாதியில் நின்றார்.

"சனியன், சரியாத்தான் சொல்றான். இதையே மேலயும் சொல்லியிருக்கேன்" என்று ஒரு வாக்கியத்தை அழித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் ஜெராக்ஸ் கடையில் நாலு கம்ப்யூட்டரிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து ஆம் அழுத்தினேன். பிறகு என் போனில். பிறகு நகல் எடுக்க வந்து வரிசையில் நின்றவர்களிடம் "ஒரு நிமிஷம் போனைக் குடுங்க, எங்க கடைக்கு மார்க் போடணும்" என்று வாங்கி அழுத்தினேன். சாயங்காலத்துக்குள் பதினொன்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி திரையைத் திருப்பிக் காட்டினார். "பதினோரு பேர். எல்லாரும் ஒரே தெருவுல இருக்காங்க. ஒரே தெருவுல பதினோரு பேர் செய்தி அனுப்பற மாட்யூலைப் படிச்சு உருகியிருக்காங்க."

"நல்ல தெரு அண்ணி அது."

"வாலு."

நான் தரையைப் பார்த்தேன். அண்ணி ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. கடைசி ஒன்றில் கை நின்றது.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"பொய் சொல்லாதே. முழுசா?"

"ஜீரோ வர்ற பாரா மட்டும். மூணு தடவை படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. கண்டக்டர் இப்ப முதல்லயே இறக்கி விட்டுடறாரு."

எந்தக் கண்டக்டர் என்று அண்ணி கேட்கவில்லை.

"அப்ப இந்த ஒண்ணு இருக்கட்டும்" என்று மடிக்கணினியை மூடினார்.